கண்ணை மூடிக்கொண்டு கோழி பார்த்தவர்

எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அசார்ட்டர் என்றால் போதும், ஆம்பூர் பஸ் நிலையத்தில் இருக்கிற ஆட்டோக்காரர்கூட வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். தோல் கம்பெனியில் பதனிட்டு வருகிற தோலைத் தரம் பிரிப்பவருக்கு அந்தப் பெயர். மற்ற அசார்ட்டர்கள் மேசைமேல் தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள். இவருக்குக் கண் வேண்டாம். இமையை மூடி, முகவாயைச் சற்றுத் தூக்கி, கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம்வரை உள்ளங்கையை ஒரே இழுப்பாக இழுப்பார். உண்ணி கடித்த இடம், முள் கீறினது, தோல் உரித்தவன் கத்தி இடறினது எல்லாம் கைக்கு வந்துவிடும். ஏ, பி, சி, ரிஜெக்ட். நாலில் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த தோலுக்குப் போய்விடுவார்.

"கண்ண ஏமாத்தலாம்மா. நல்லா பாலிஷ் போட்டா கண்ணு வாயப் பொளந்துக்கினு நிக்கும். கைய ஏமாத்த முடியாது" என்பார். இதை என்னிடம் மட்டும் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மனிதர் தற்பெருமைக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம்.

கம்பெனியோடு அந்தப் பழக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. கத்தரிக்காய்க்காரி கூடையை இறக்கினால் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து "சி, சி, பி" என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். என் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, என் அப்பாவின் காதில், "பி மைனஸ்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பி மைனஸ்தான் என்பது பிற்பாடு எங்களுக்கும் தெரிந்தது.

நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்த புதிதில், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

"கைய குடு பாப்போம்."

கொடுத்தேன். கண்ணை மூடினார். விரல் நுனியால் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார்.

"பி. ஆனா உழைக்கிற பி. கோச்சிக்காத."

"ஏ யாருக்குத்தாண்ணா குடுப்பீங்க?"

"வந்தா குடுக்க மாட்டனா? வர்லியே."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனாலும் அந்த விரல்களை மறக்க முடியவில்லை. நான் சின்ன வயதில் ஊசி ஏற்றிக்கொண்ட இடம் ஒன்று ஆள்காட்டி விரலில் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. அங்கே வந்ததும் அவர் விரல் ஒரு நொடி நின்று, பிறகு போனது.

அவர் கம்பெனியைவிட்டு நின்றபோது, முதலாளி மகனுக்கும் தனக்கும் ஒத்துவரவில்லை என்று சொன்னார். நாங்களும் நம்பினோம். அவர் வீட்டுக்குப் பின்னால் பாலாற்றுப் பக்கமாகச் சரியும் மனைக்கட்டு காலியாகக் கிடந்தது. சுற்றிலும் கம்பி வலையும் பழைய புடவையுமாக வேலி கட்டி, நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தார். பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இனி அவரும் அவர் மனைவியும், எனக்கு அண்ணி, அந்தக் கோழிகளை நம்பித்தான் சாப்பிட வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும்.

கோழியிலும் அவர் தோல்காரர்தான். சேவலைக் கையில் எடுத்தால் முதலில் இறகை ஒதுக்கித் தோலைப் பார்ப்பார். சிறுவிடைக் கோழியைத்தான் அவருக்குப் பிடிக்கும். சின்ன உடம்பு, குட்டைக் கால், பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சுகள் தனியாக மேயப் பழகுகிறவரைக்கும் அடுத்த முட்டை கிடையாது. பெருவிடை அப்படியில்லை. உயரமான கால், அகன்ற நெஞ்சு, பார்க்க ராஜா மாதிரி இருக்கும். முட்டை கம்மி. அடைக்கு உட்கார்ந்தால் தன் கனத்தாலேயே இரண்டை உடைத்துவைக்கும். அதனால் பெருவிடை போட்ட முட்டையை எடுத்துச் சிறுவிடைக்கு அடியில் வைப்பார். அது தன் குஞ்சைவிடப் பெரிய குஞ்சுகளை இழுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் திரியும். கழுத்தில் இறகில்லாத ஜாதி ஒன்று இரண்டு வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காது, ஆனால் எங்கள் ஊர் மே மாதத்தை அதுதான் தாங்கும்.

செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, கறி கறுப்பாக இருக்கிற கருங்கோழி கேட்டு வருபவர்களை அவர் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார். சர்க்காரில் கொடுத்த கோழிகளைப் பற்றியும் நல்ல வார்த்தை கிடையாது.

"அது ஜாஸ்தி முட்ட போடும், ஒத்துக்கறேன். ஆனா அடைக்கு உக்காராது. குஞ்சு வேணும்னா மறுபடியும் போய் வாங்கினு வரணும். அது கோழி இல்லம்மா, மிஷினு. நம்ம கோழி கம்மியா போடும், ஆனா அதுவே கோழியையும் குடுக்கும்."

எந்தக் கோழியை வைத்துக்கொள்வது, எதைக் கறிக்குத் தள்ளுவது என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கோழியைத் தலைகீழாகக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வால் பக்கத்தில் இரண்டு எலும்புகள் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு நடுவில் விரலை வைப்பார். முட்டை போடுகிற கோழிக்கு அந்த எலும்புகள் விலகி மெத்தென்று இருக்கும், மூன்று விரல் தாராளமாக நுழையும். போடாத கோழிக்கு ஒரு விரலே இடிக்கும். கண்ணைத் திறந்து பார்த்தாலும் தெரிகிற விஷயம்தான் இது. முட்டை போடுகிற கோழியின் கொண்டை ரத்தச் சிவப்பாக இருக்கும், போடாததற்கு வெளுத்துச் சுருங்கியிருக்கும். இதை நான் ஒருமுறை சொன்னேன். என்னவோ கெட்ட வார்த்தை பேசினவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கோழி விஷயத்தில் அவர் வாயிலிருந்து நான் ஏ கேட்டது ஒரே ஒரு தடவைதான். அது ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்கு. சிறுவிடையிலேயே இன்னும் சின்னது. அடைவைத்த முட்டையில் அநேகமாக ஒன்றுகூட வீணாகாது. பருந்து தாழப் பறந்தால் குஞ்சுகளைப் புடவை வேலிக்கடியில் தள்ளிவிட்டு இது மட்டும் வெளியே வந்து நிற்கும். கீரியை ஒருநாள் சாக்கடைவரை துரத்திக்கொண்டு போனதை நானே பார்த்தேன். அதைக் கக்கத்தில் இடுக்கி, கண்ணை மூடி, விரல் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஏ" என்றார்.

அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "இன்னா சொன்னீங்க?"

"ஏ சொன்னேன். போ, போய் வேலயப் பாரு."

அண்ணி சிரித்துக்கொண்டே, "கட்டினு வந்து இத்தினி வருஷம் ஆவுது, எனக்கு இன்னும் பி பிளஸ்ஸுதான்" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

எப்போது மாறியது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. அண்ணி கேட்டபிறகுதான் குனிந்து பார்த்தார். "வழியில எங்கியாவது கழண்டிருக்கும்" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. இன்னொரு நாள், நான் ஊற்றிக் கொடுத்த டீயை, டம்ளரின் விளிம்பைப் பிடிக்காமல் முழுக் கையால் பற்றிக் கொண்டுபோனார். நான் முந்தானையால் பிடித்துக் கொடுத்த டம்ளர் அது.

முட்டை குறைந்துகொண்டே வந்தது. வெயில் என்றார். போர்த் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்றார், அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் கைவசம் இருக்கிற காரணம், பொய்யும் இல்லை. தவிட்டில் கலப்படம் என்றார். தோட்டத்தில் கோழிகள் கொழுகொழுவென்று திரிந்தன. கோழி தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்திருக்கும். முட்டை போடுகிற கோழி இளைத்துத்தான் இருக்கும், தின்பதையெல்லாம் முட்டையில் போட்டுவிடும். கொழுத்துத் திரிவது சும்மா தின்கிற கோழி. விரலுக்கு எலும்பு தட்டுப்படாதபோது அவர் கனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். கனமாக இருந்ததை வைத்துக்கொண்டார். லேசாக இருந்ததையெல்லாம் ரிஜெக்ட் என்று கறிக்கு அனுப்பினார். நல்ல கோழியாகப் பார்த்துப் பொறுக்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அண்ணிக்குத் தெரிந்திருந்தது. அவள் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டில் பிறந்தவள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டில் பச்சை நூலாக எடுத்து, முட்டை போடுகிற கோழிகளின் காலில் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டாள். எதற்கு அண்ணி என்று கேட்டேன். "அடையாளத்துக்கு" என்றாள். வாயால் சொல்ல முடியாததை அவள் நூலால் கட்டிவைத்திருந்தாள். அவர் ஒருதரம் கண்ணைத் திறந்து பார்த்தால் போதும். அவர்தான் கோழியைத் தூக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆளாயிற்றே.

துபாயிலிருந்து என் கொழுந்தன் வந்திருந்தான். பிரியாணிக்கு ஆடு இருக்கிறது, குழம்புக்கு நாட்டுக்கோழிதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்வந்த கையோடு குண்டானை எடுத்துக்கொண்டு அசார்ட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் கூண்டுக்குள் கையை விட்டார். சாம்பல் பெட்டை கையில் வந்தது.

கக்கத்தில் இடுக்கினார். கண்ணை மூடினார். விரலை வைத்தார்.

"ரிஜெக்ட்" என்றார்.

அண்ணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "அது வேணாங்க. வேற எடுங்க."

"ஏன்?"

"அது முட்ட போட்டுனு இருக்குது."

"ஒரு விரல்கூட நுழையல. எட வேற இல்ல. வயசாயிடுச்சு இதுக்கு."

"கால பாருங்க."

"கால்ல இன்னா இருக்கு? கைக்குத் தெரியாததா கால்ல இருக்கப்போவுது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது என்று இப்போது புரிகிறது. ஒரு மூன்றாம் மனுஷி குண்டானோடு நிற்கும்போது, உங்கள் கை செத்துப்போய்விட்டது என்று எந்தப் பெண் சொல்வாள்? எனக்கு வேறு கோழி கொடுத்தாலும் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை. அவர் தீர்ப்பை மாற்றினதாகச் சரித்திரமே இல்லை.

அறுத்ததும் அவர்தான். சுத்தம் செய்தது அண்ணி. வயிற்றைக் கீறியதும் அவள் கை நின்றுவிட்டது. ஓடு கட்டி வெளியே வரத் தயாராக ஒரு முட்டை. அதற்குப் பின்னால் ஓடில்லாமல் ஒரு முழு மஞ்சள் கரு, அதற்கடுத்துக் கொஞ்சம் சின்னது, அதைவிடச் சின்னது, கடைசியில் கடுகு கடுகாக ஒரு கொத்து. அந்த மாதம் முழுக்கப் போட வேண்டியது அத்தனையும் வரிசையாக இருந்தது. அப்படியே முறத்தில் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஓடு கட்டின முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினார். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. முட்டை உடைந்து முழங்கைவரை வழிந்தது. ஓட்டுத் துண்டு ஒன்று விரலில் கீறி ரத்தம் வந்தது. அதை முதலில் பார்த்தவள் அண்ணி. அவருக்கு முட்டை ஈரமும் தெரியவில்லை, ரத்தமும் தெரியவில்லை.

நறுக்கிப்போட்ட கோழிக்கால் மண்ணில் கிடந்தது. பச்சை நூல் அவிழாமல் இருந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பு வைக்கவில்லை. கொழுந்தன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனான். சாயங்காலம் அண்ணி வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். கம்பெனியைவிட்டு நின்றதற்கும் காரணம் முதலாளி மகன் இல்லை. அவர் நல்ல தோல் என்று அனுப்பிய சரக்கு முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது. அப்போதே விரல் நுனி மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது.

"ஏன் அண்ணி டாக்டர்கிட்ட போகல?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க பெரியப்பாவுக்குப் பெருவியாதி. ஊருக்கு வெளிய கொட்டாயில வச்சிருந்தாங்களாம். சோத்துத் தட்டக் கொம்பால தள்ளி வுடுவாங்களாம். இவரு சின்ன வயசுல பாத்திருக்காரு. கை மரத்துப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா நம்ம வீட்டு முட்டைய எவன் வாங்குவான்? பொண்ணோட மாமியாரு ஊட்ல இன்னா சொல்லுவாங்க? வெளிய சொன்னா செத்துடுவேன்னாரு."

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். தொழுநோய்க்கு மாத்திரை இருக்கிறது, சும்மா கொடுக்கிறார்கள், குணமாகிவிடுகிறது, எங்கள் மாவட்டத்தில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்கு ஒளிந்துகொண்டு இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்களே என்று ஆத்திரம். அண்ணி அழுதாள். தெரிவது வேறு, கொட்டாயைக் கண்ணால் பார்த்திருப்பது வேறு. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. பஸ்ஸில் அவர் இரண்டு கையையும் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். டாக்டர் சின்னப் பெண். கையைத் திருப்பிப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், அங்கே ஒரு புண் இருந்தது, அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மீன் தூண்டில் நைலான் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"ஐயா, கண்ண மூடிக்குங்க. நான் தொடும்போதெல்லாம் ம்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். முகவாய் தானாக மேலே போனது. தோல் மேசை முன்னால் நிற்கிற அதே முகம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சுண்டுவிரலைத் தொட்டாள். அவர் பேசவில்லை. நடுவிரலைத் தொட்டாள். பேசவில்லை. உள்ளங்கையில் தொட்டாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ம்" என்றார்.

அப்போது டாக்டர் கையை எடுத்துவிட்டிருந்தாள். அவர் விட்டு விட்டு, ஒரு தாளத்தில், "ம்... ம்... ம்" என்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் அந்த நரம்பை மேசைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் இன்னும் ஒரு "ம்" சொன்னார். அந்த அறையில் யாரும் அவரைத் தொடவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள். கடைசியில் டாக்டர், "நீங்க பயந்த நோய் இல்லம்மா இது. சர்க்கரை. ரொம்ப நாளா இருந்திருக்கு, யாரும் பாக்கல" என்றாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அது இல்லியாம்" என்று சிரித்தாள். சிரித்த வாயோடு, "அப்ப கை எப்ப சரியாவும் டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கறதக் காப்பாத்தலாம். போன உணர்ச்சி திரும்ப வராது. ஆரம்பத்துலயே வந்திருந்தா..."

இல்லாத நோய்க்குப் பயந்து, இருந்த நோயை வளர்த்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு கோழி பார்க்கிற வேலையை அண்ணிதான் செய்தாள், கொண்டையையும் காலையும் கண்ணால் பார்த்து. ஆனால் பார்ப்பதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. அடைக்கு உட்காருகிற சிறுவிடை ஒன்றுகூட இல்லை. கொழுத்த பெட்டைகளும் சேவல்களும்தான் இருந்தன. வெளியிலிருந்து வாங்கிவந்து அடைவைத்த முட்டைகளை, பெருவிடை ஒன்று உட்கார்ந்த வேகத்திலேயே நசுக்கியது. அந்த வெயில் காலத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்து பாதி போயிற்று. மீதியை விற்றார்கள். அரக்கோணத்துக்கு மகள் வீட்டோடு போவது என்று முடிவானது. மாமியார் இருக்கிற வீட்டில் போய் உட்காருவதற்கு அண்ணிக்குத் துளியும் மனமில்லை. வேறு வழியும் இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் பார்க்கப் போனேன். சாமான் எல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது. அவர் காலிக் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. என்னைப் பார்த்ததும் பழைய குரலில், "கைய குடு பாப்போம்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணி வேன் பக்கத்திலிருந்து எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து, அவர் கைக்குள் என் கையை வைத்தேன். அவர் கண்ணை மூடி முகவாயைத் தூக்கினார். விரல்கள் என் விரல்மேல் கிடந்தன.

கொஞ்ச நேரம் போயிற்று.

"குடும்மா" என்றார்.

"குடுத்துட்டேண்ணா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் ஒருமுறை அசைந்து நின்றது. பிறகு, "ஏ" என்றார்.